காரீயம் இருந்தா மட்டும் போதுமா?

எங்கட நாட்டுக் காரீயத்தைப் பற்றிக் கதை வந்தாலே, "கல்லாவே ஏத்துமதி செஞ்சு நாசமாக்குறாங்க" என்று யாரோ ஒருவர் சொல்லத்தான் செய்வார். போகலையிலும் கஹட்டகஹவிலும் கிடைப்பது உலகின் மிகத் தூய காரீய வகைகளில் ஒன்று. அதிலிருந்து கிராஃபீன், கிராஃபீனிலிருந்து குவாண்டம் கணினி என்று நாங்களும் கனவு காண்கிறோம். கனவு பிழையில்லை. ஆனா பெறுமதி கல்லில் இல்லை, அதைப் பழக்கி எடுக்கிற ஆக்களிடம்தான் இருக்கிறது என்பது எங்கட கருத்து.

குறைகடத்திச் சில்லு ஒன்றின் மேல் மெல்லிய உலோகக் கம்பிகளைப் பதித்து, வோல்டேஜ் கொடுத்து, ஒரேயொரு இலத்திரனை நனோமீற்றர் அளவு இடத்துக்குள் அடைக்கலாம். அதுதான் குவாண்டம் புள்ளி. அந்த இலத்திரனின் ஸ்பின்னை வைத்துக் கணிக்கலாம் என்று 1998இல் லோஸ், டிவின்சென்ஸோ இருவரும் முன்மொழிந்தார்கள். இன்று ஈரடுக்குக் கிராஃபீனிலும் இப்படிப் புள்ளிகள் செய்கிறார்கள்.

கஷ்டம் எங்கே என்றால், ட்யூன் பண்ணுவதில். வாப்பாமார் காலத்து ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புவாங்களே, அதே மாதிரி. ஆனா இங்கே குமிழ்கள் பல. ஒன்றைத் திருப்பினா மற்றதும் அசையும். ஒரே மாதிரிச் செய்த இரண்டு சில்லுகள்கூட ஒரே மாதிரி நடக்காது. புள்ளிகள் கூடக்கூட மனிதக் கையால் முடியாது. அதனால் ட்யூன் பண்ணக் கணினிக்கே பழக்குகிறார்கள். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் இதற்காக உருவகித்த தரவுகளை எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். தொடங்க ஒரு லெப்டொப் போதும்.

சில்லைப் பூச்சியத்துக்குக் கீழ் 273 பாகை வரை குளிராக்கும் இயந்திரத்தை நாங்கள் நாளைக்கே வாங்கப்போவதில்லை. ஆக்களை இன்றைக்கே பழக்கலாம். அக்குறணையில் ஒரு வார இறுதி வகுப்பு, தமிழில், யார் வந்தாலும் சரி.

"கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும 1948இல் மெட்ராஸில் எடுத்த பட்டம் தத்துவம். பிறகு இரசாயனம் படித்து, நாசாவில் சந்திர மண்ணை ஆராய்ந்து, எங்கட ஹந்தானையில் இருக்கிற அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்கும் தலைமை தாங்கினார். இங்கே 16 வயதில் எடுக்கிற துறை முடிவோடு கணிதக் கதவை மூடிவிடுகிறோம். அந்தக் கதவைத் திறக்காமல் காரீயத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்த முறை காரீயக் கதை வந்தா, எத்தனை டொன் ஏத்தினோம் என்பதோடு, எத்தனை பேரைப் பழக்கினோம் என்றும் கேட்போம்.