சரக்கு விமானங்கள்: சலுகை போதுமா, சுமை வேண்டுமா?

கேப்டன் கோபிநாத் 2009-இல் நாகபுரியை மையமாகக் கொண்டு தொடங்கிய டெக்கான் 360 சரக்கு விமான நிறுவனம், சில ஆண்டுகளுக்குள் முடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1996 முதல் பறக்கும் ப்ளூ டார்ட் ஏவியேஷன் நிலைத்திருக்கிறது. தாய் நிறுவனத்தின் கூரியர் பொதிகள் அதற்கு நாள்தோறும் உறுதியாகக் கிடைப்பதே முக்கிய வேறுபாடு.

உள்நாட்டு விமானச் சரக்கில் பெரும்பகுதி, பயணிகள் விமானங்களின் அடித்தளத்திலேயே செல்கிறது. பயணச்சீட்டு வருவாய் செலவை ஈடுகட்டுவதால், அங்கு சரக்குக் கட்டணத்தைக் குறைக்க முடிகிறது. தனிச் சரக்கு விமானமோ எரிபொருள், குத்தகை, விமானிகள் ஊதியம் அனைத்தையும் பொதிகளைக் கொண்டே ஈட்ட வேண்டும். நிரம்பிச் சென்று பாதி காலியாகத் திரும்பினால் இழப்புதான்.

பெங்களூரின் குவிக்ஜெட், 2023 ஜனவரியில் அமேசானுக்காக போயிங் 737-800 விமானங்களை இயக்கத் தொடங்கியது. சுமை உறுதியானாலும், ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது மற்றோர் ஆபத்து.

விளைபொருள்களுக்கான கிருஷி உடான் 2.0 திட்டம், குறிப்பிட்ட விமான நிலையங்களில் தரையிறங்கும் கட்டணம் போன்றவற்றை விலக்குகிறது. அது செலவைக் குறைக்குமே தவிர, திரும்பும் விமானத்தை நிரப்பாது.

2020 பொதுமுடக்கத்தில் பயணிகள் சேவை நின்றபோது, மருந்துகளைச் சுமந்தவற்றுள் சரக்கு விமானங்களும் இருந்தன. நெருக்கடியில் அவை தேவையெனில், மற்ற நாள்களில் அவற்றுக்குச் சுமை கிடைக்கவும் வழி காண வேண்டும்.