பிள்ளைக்குப் புரிகிறது, தாளுக்குப் புரியவில்லை

கீழக்குயில்குடி போன்ற ஊர்களிலிருந்து செவிலியர் படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். 18 விழுக்காடு இடஒதுக்கீடு கல்லூரிக் கதவைத் திறக்கிறது. உள்ளே போனால் தேர்வு ஆங்கிலத்தில்.

பராமரிப்புத் திட்டத்துக்கு ஐந்து படிகள்: நிலையறிதல், பிரச்சினையை இனங்காணுதல், திட்டமிடல், செயல்படுத்தல், பலன் பார்த்தல். முதல் படியே நோயாளி சொல்வதைக் கேட்பதுதான். 'நெஞ்சு கரிக்குது', 'கிறுகிறுன்னு வருது' என்றால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டெனப் பிடிபடும். அதை ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறினால், 'கோட்டாவில் வந்தவர்' என்ற ஏச்சு. இது அறிவுக் குறையல்ல, பயிற்சிக் குறை.

2021-இல் வந்த பருவமுறைப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடம் உண்டு. அந்த வகுப்பிலேயே பராமரிப்புத் திட்டம் எழுதப் பழக்குங்கள் எனக் கல்லூரிகளைக் கேட்போம். மாணவர்களே, வார்டில் கேட்டதைத் தமிழில் ஒருபுறம், ஆங்கிலத்தில் மறுபுறம் தினம் எழுதுங்கள். படித்து முடித்த அக்காமார் திருத்தித் தரட்டும்.