எரிபொருள் விலை ஏறினால் விமான நிறுவனங்கள் ஏன் திணறுகின்றன? டிக்கெட்டில் எவ்வளவு கூடும்? - விளக்கம்

ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி காலையில், சிலிண்டர் விலை என்ன ஆச்சு என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். அதே நாளில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் இன்னொரு விலையையும் மாற்றி அறிவிக்கின்றன. அதுதான் ஏடிஎஃப் எனப்படும் விமான எரிபொருளின் விலை. பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துபோகும் அந்த ஒரு எண்ணைத்தான் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஸ்பைஸ்ஜெட்டும் ஆகாசாவும் மாதம் முழுக்கச் சுமக்க வேண்டும்.

இந்தியாவில் ஒரு விமான நிறுவனம் செலவழிக்கும் 100 ரூபாயில் 30 முதல் 40 ரூபாய் வரை எரிபொருளுக்கே போகிறது. விலை உச்சத்தில் இருக்கும் காலங்களில் இதற்கு மேலும் போகும். கச்சா எண்ணெய் விலை ஏறும்போது உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பாதிக்கப்படுவது உண்மைதான். ஆனால், இந்திய நிறுவனங்களுக்கு அடி கொஞ்சம் பலமாகவே விழுகிறது. காரணம் வளைகுடாவில் மட்டும் இல்லை. டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் இருக்கிறது.

ஒரு விமானம் எவ்வளவு எரிபொருள் குடிக்கும்?

சென்னையிலிருந்து டெல்லிக்கு சுமார் 1,760 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 நியோ ரக விமானம் இந்தத் தூரத்தைக் கடக்க தோராயமாக 6 டன் எரிபொருளை எரிக்கும். லிட்டர் கணக்கில் சுமார் 7,500. ஒரு லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 7 லட்சம் ரூபாய்க்கு மேல் எரிபொருளுக்கு மட்டும் ஆகிறது.

விமானத்தில் 186 இருக்கைகள். அதில் 85 சதவீதம் நிரம்பியது என்றால் 158 பயணிகள். ஒருவருக்கு எரிபொருள் பங்கு மட்டும் ஏறக்குறைய 4,500 ரூபாய். இதற்குப் பிறகுதான் விமானக் குத்தகை, பராமரிப்பு, விமானிகள் சம்பளம், விமான நிலையக் கட்டணம் எல்லாம் வரும். எரிபொருள் விலை 10 சதவீதம் கூடினால், ஒரு பயணிக்குக் கூடுதல் செலவு சுமார் 450 ரூபாய்.

"450 ரூபாய்தானே, டிக்கெட்டில் ஏற்றிவிட்டால் போச்சு" என்று தோன்றும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் அந்த 95 ரூபாய் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

வரி மேல் வரி

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி அமலுக்கு வந்தபோது ஐந்து பெட்ரோலியப் பொருட்கள் வெளியே நிறுத்தப்பட்டன. கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, பெட்ரோல், டீசல், விமான எரிபொருள். அதனால் விமான எரிபொருளுக்கு மத்திய அரசின் கலால் வரி 11 சதவீதம் தனி, மாநில அரசின் வாட் வரி தனி.

வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1 சதவீதம் வாங்கும் மாநிலமும் உண்டு, 29 சதவீதம் வாங்கும் மாநிலமும் உண்டு. அந்த 29 சதவீதப் பட்டியலில் பல ஆண்டுகளாக இருந்துவருவது தமிழ்நாடு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரிக்கு முன் ஒரு கிலோலிட்டர், அதாவது 1,000 லிட்டர், 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கலால் வரி 7,700 ரூபாய் சேர்கிறது. இப்போது 77,700. வாட் வரி இந்த 77,700க்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. 29 சதவீதம் என்றால் 22,533 ரூபாய். மொத்தம் 1,00,233 ரூபாய். அதில் 30,000க்கு மேல் வரி.

இதிலும் முக்கியமான விஷயம் இன்னொன்று. பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையாக இருக்கும். கச்சா எண்ணெய் ஏறினாலும் அந்தத் தொகை தானாக ஏறாது. விமான எரிபொருளுக்கு இரண்டு வரியுமே சதவீதக் கணக்கு. விலை ஏற ஏற வரியும் கூடவே ஏறும். மேலே சொன்ன உதாரணத்தில் அடிப்படை விலை 10,000 ரூபாய் கூடினால், விமான நிறுவனம் கூடுதலாகக் கொடுப்பது 14,319 ரூபாய். அதாவது உலகச் சந்தையில் 1 ரூபாய் ஏறினால், 29 சதவீத வாட் உள்ள ஊரில் 1 ரூபாய் 43 காசு ஏறுகிறது. எங்கோ நடக்கும் போரால் வரும் நஷ்டத்தின் மேல் அரசுக்கு ஒரு வருமானமும் கிடைக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

ஊருக்கு ஊர் வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு 2024 டிசம்பர் மாத விலையே போதும். ஒரு கிலோலிட்டர் மும்பையில் 85,861 ரூபாய், டெல்லியில் 91,856 ரூபாய், சென்னையில் 95,231 ரூபாய். மும்பை மலிவாக இருப்பதற்கு மகாராஷ்டிர அரசு 2023 பட்ஜெட்டில் வாட் வரியை 25 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்ததே காரணம். ஒரு டெல்லி நடைக்கு வேண்டிய 7,500 லிட்டரை மும்பை விலையில் நிரப்ப முடிந்தால் சென்னை விலையைவிட 70,000 ரூபாய் மிச்சம்.

இதனால் ஒரு விநோதமான பழக்கமும் இருக்கிறது. வரி குறைந்த ஊரிலேயே திரும்பி வருவதற்கும் சேர்த்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். டேங்கரிங் என்று பெயர். அந்தக் கூடுதல் எடையைச் சுமக்கவே கொஞ்சம் எரிபொருள் வீணாக எரியும். ஆனாலும் கணக்கில் லாபம்தான். ஜம்மு காஷ்மீர் 2021 அக்டோபரில் வாட் வரியை 26.5 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 1 சதவீதமாகக் குறைத்த பிறகு, அங்கே எரிபொருள் நிரப்புவது பல மடங்கு கூடியது. அதைக் காட்டித்தான் அப்போதைய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா மற்ற மாநிலங்களையும் வரியைக் குறைக்கச் சொன்னார். பல மாநிலங்கள் குறைத்தன. சில பெரிய மாநிலங்கள் அசையவில்லை.

சின்ன விமானங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 40,000 கிலோவுக்குக் குறைவான எடை கொண்ட விமானங்களின் எரிபொருளுக்கு மாநிலங்கள் அதிகம் வரி போட முடியாதபடி மத்திய விற்பனை வரிச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. ஏடிஆர் ரக விமானங்கள் குட்டி ஊர்களுக்குத் தாக்குப்பிடித்துப் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2008ஐ விட 2022 ஏன் மோசம்?

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அடுத்த மாதம் டெல்லியில் விமான எரிபொருள் கிலோலிட்டருக்கு 71,028 ரூபாய் ஆனது. அன்றைக்கு அதுதான் உச்சம்.

2022இல் ரஷ்யா - உக்ரைன் போர். அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி 76,062 ரூபாயாக இருந்த விலை, மார்ச் மாதம் முதல்முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஜூன் 16ஆம் தேதி 1,41,232 ரூபாய். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 85 சதவீதத்துக்கும் மேல் ஏறிவிட்டது. இத்தனைக்கும் அப்போது கச்சா எண்ணெய் 120 டாலர் அளவில்தான் இருந்தது. 2008ஐ விடக் குறைவு.

அப்புறம் எப்படி எரிபொருள் விலை இரண்டு மடங்கு? ஒரு காரணம், அந்தச் சமயத்தில் உலகம் முழுக்க சுத்திகரிப்பு லாபம் எகிறியிருந்தது. இன்னொரு காரணம் ரூபாய். 2008இல் ஒரு டாலர் 43 ரூபாய் அளவில் இருந்தது, 2022 ஜூனில் 78 ரூபாய். எண்ணெய் டாலரில் வாங்கப்படுகிறது. விமானக் குத்தகையும் உதிரி பாகங்களும் டாலரில்தான். டிக்கெட் மட்டும் பெரும்பாலும் ரூபாயில் விற்கப்படுகிறது.

ரூபாய் சரிந்தால் எரிபொருள் மலிவான காலத்திலும் நிம்மதி இல்லை. 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டில் இண்டிகோவின் எரிபொருள் செலவு முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. ஆனாலும் 2,582 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. ரூபாய் மதிப்பு சரிந்து டாலர் கடன்கள் வீங்கியதே காரணம். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயையும் தாண்டியது.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். விமான எரிபொருளை இந்தியா வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறது. நம் சுத்திகரிப்பு ஆலைகள் உள்நாட்டுத் தேவைக்கு மேலேயே தயாரிக்கின்றன. ஆனால், உள்ளூரில் தயாரானதற்கும் விலை சர்வதேசச் சந்தையை வைத்துத்தான். கிணறு நம் வீட்டில் இருந்தாலும் தண்ணீருக்கு ஊர் விலை.

அப்போ டிக்கெட் விலையை ஏற்றிவிடலாமே?

2022 ஜூனில் ஸ்பைஸ்ஜெட் தலைவர் அஜய் சிங், கட்டணத்தை 10 முதல் 15 சதவீதம் உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அந்த ஏப்ரல் - ஜூன் காலாண்டில் விமானங்கள் பெருமளவு நிரம்பியும் இண்டிகோ 1,064 கோடி ரூபாய் நஷ்டம் கண்டது. விமானம் நிரம்பினால் லாபம் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது ஒரு பதில்.

2023 அக்டோபரில் இண்டிகோ வேறு வழியை முயன்றது. டிக்கெட்டில் 'எரிபொருள் கட்டணம்' என்று தனி வரி சேர்த்தது. தூரத்தைப் பொறுத்து 300 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை. சென்னை - டெல்லி தூரத்துக்கு 650 ரூபாய். எரிபொருள் விலை இறங்கியதும் 2024 ஜனவரி 4ஆம் தேதி அதை நீக்கியது. சந்தையில் பாதிக்கு மேல் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தால் இது முடியும். சின்ன நிறுவனம் தனியாக 650 ரூபாய் ஏற்றினால், பயணி ஆப்பில் விரலை நகர்த்தி அடுத்த விமானத்தைப் புக் செய்துவிடுவார். விலையை ஏற்றலாமா வேண்டாமா என்பதைப் பெரிய நிறுவனம் முடிவு செய்கிறது. நஷ்டத்தைத் தாங்க முடியுமா என்ற கேள்வி சின்ன நிறுவனத்துக்கு வருகிறது.

முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்ளும் ஹெட்ஜிங் முறையை ஐரோப்பாவின் ரயன்ஏர் போன்ற நிறுவனங்கள் பெரிய அளவில் பயன்படுத்துகின்றன. இந்திய நிறுவனங்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. விலை இறங்கினால் பேசிய விலையே நஷ்டமாகும், அதற்குக் கையில் பணம் வேண்டும். தவிர, எரிபொருள் விலையை ஹெட்ஜ் செய்யலாம், அதன் மேல் உள்ள வரியை ஹெட்ஜ் செய்ய முடியாது.

யாரெல்லாம் விழுந்தார்கள்?

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதற்கு முன்பே எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்து, கையில் காசு கொடுத்தால்தான் நிரப்புவோம் என்றன. வெளிநாட்டிலிருந்து நேரடியாக எரிபொருள் இறக்குமதி செய்துகொள்ள 2012இல் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால், சேமித்து வைக்கும் தொட்டிகளும் குழாய்களும் எண்ணெய் நிறுவனங்கள் வசம் இருக்கும்போது, அந்த அனுமதி காகிதத்தோடு நின்றது.

அடுத்து ஜெட் ஏர்வேஸ். 2018 அக்டோபரில் கச்சா எண்ணெய் 86 டாலர், ஒரு டாலருக்கு 74 ரூபாய். மத்திய அரசு கலால் வரியை 14 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைத்தது அப்போதுதான். ஜெட்டுக்கு அது போதவில்லை. 2019 ஏப்ரலில் பாக்கிக்காக இந்தியன் ஆயில் எரிபொருளை நிறுத்தியது. 17ஆம் தேதி கடைசி விமானம் பறந்தது.

இந்த நிறுவனங்கள் எரிபொருளால் மட்டும் விழவில்லை. நிர்வாகக் கோளாறு, கடன் எல்லாம் சேர்ந்தது. 2023 மே மாதம் நின்றுபோன கோ ஃபர்ஸ்ட்டுக்கு என்ஜின் பழுதுதான் முக்கியக் காரணம். ஆனால், ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு எரிபொருள் பில்தான் முதலில் கட்ட முடியாத பில்லாகிறது. ஒவ்வொரு முறை ஒன்று விழும்போதும் மிச்சம் இருப்பவர்களின் பங்கு கூடியது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் 10 பேரில் 9 பேர் இண்டிகோ அல்லது ஏர் இந்தியா குழும விமானத்தில்தான் பறக்கிறார்கள்.

விலை ஏறாமலும் செலவு ஏறும்

2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஐரோப்பா, அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப வழியில் இறங்கின. இந்தத் தடை ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும் என்று ஏர் இந்தியா மதிப்பிட்டதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டு விமானங்களுக்கு இந்தத் தடை இல்லாததால் அவை நேர்வழியில் பறக்கின்றன.

ஜிஎஸ்டிக்குள் வருமா?

விமான நிறுவனங்களின் பல ஆண்டுக் கோரிக்கை இது. ஜிஎஸ்டிக்குள் வந்தால், எரிபொருளுக்குக் கட்டிய வரியை டிக்கெட் வரியில் கழித்துக்கொள்ள வழி பிறக்கும். இப்போது கட்டும் வாட் வரியில் ஒரு பைசாகூடத் திரும்பி வராது.

மாநிலங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு அவர்கள் தாங்களாக வரி விகிதத்தை முடிவு செய்யக்கூடிய பெரிய பொருட்கள் எரிபொருளும் மதுவும்தான். இன்று விமான எரிபொருளை விட்டுக்கொடுத்தால் நாளை பெட்ரோல், டீசலையும் கேட்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. 2024 டிசம்பர் 21ஆம் தேதி ஜெய்சால்மரில் நடந்த 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் இந்த விஷயம் வந்தது. மாநிலங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூட்டத்துக்குப் பிறகு தெரிவித்தார். ஜிஎஸ்டிக்குக் காத்திருக்காமலே வாட் வரியைக் குறைக்க எந்த மாநிலத்துக்கும் தடையில்லை. மகாராஷ்டிராவும் ஜம்மு காஷ்மீரும் அப்படித்தான் குறைத்தன.