மெலடோனின் மாத்திரை உடம்பில் உள்ள நச்சை நீக்குமா?

"நல்லா தூக்கம் வரும், உடம்புல சேர்ந்த நச்சும் போயிடும்" என்ற விளம்பரத்தோடு ஆன்லைனில் மெலடோனின் மாத்திரையும் கம்மி மிட்டாயும் விற்கிறார்கள். தூக்கம் பற்றிச் சொல்வது ஓரளவு சரி. நச்சு விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய வியாபாரம் இருக்கிறது.

மெலடோனின் நம் உடம்பே தயாரிக்கும் ஹார்மோன். மூளைக்குள் அரிசிமணி அளவில் இருக்கும் பீனியல் சுரப்பி, இருட்டியதும் இதைச் சுரக்கும். வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். (படுக்கையில் இருந்தபடி படிக்கிறீர்களா? ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்!) 1958-ல் இதைப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக சரும மருத்துவர் ஆரன் லெர்னர். அவர் தேடியது என்னவோ சரும நிறத்தை மாற்றும் பொருளைத்தான்!

1993-ல் ரஸல் ரைட்டர் குழுவினர் இதன் இன்னொரு வேலையைக் கண்டுபிடித்தார்கள். 'ஃப்ரீ ராடிக்கல்' என்பவை எலக்ட்ரான் குறைபட்ட மூலக்கூறுகள். பக்கத்தில் இருக்கும் செல்லிலிருந்து அதைப் பிடுங்கிச் சேதப்படுத்தும். மெலடோனின் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்குகிறது. பாராகுவாட் களைக்கொல்லி, காட்மியம் போன்ற நச்சுகள் உடம்பைக் கெடுப்பதில் ஃப்ரீ ராடிக்கல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் எலிகளுக்கு இந்த நச்சுகளோடு மெலடோனினும் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல், கல்லீரல் பாதிப்பு குறைந்தது.

இங்கேதான் விளம்பரம் நம்மை ஏமாற்றுகிறது. பல ஆய்வுகளில் எலிக்குக் கொடுத்தது, ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். மருந்தியல் கணக்கில் மனிதருக்கு மாற்றினால், 60 கிலோ எடையுள்ளவருக்கு கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். கடையில் கிடைப்பதோ 3, 5 மில்லிகிராம். தவிர, எலிக்கு நச்சு கொடுக்கும் முன்பே மருந்தைக் கொடுத்துவிடலாம். நமக்கு அப்படி யார் சொல்லிவிட்டு வரப்போகிறார்கள்?

லேபிளையும் நம்ப முடியாது. 2023-ல் அமெரிக்காவில் 25 கம்மி மிட்டாய்களைப் பரிசோதித்தபோது, 22-ல் லேபிளில் போட்டிருந்த அளவு தப்பு. ஒன்றில் மெலடோனினே இல்லை!

தூக்கத்துக்காக எடுப்பதானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

வயலில் மருந்தடிக்கும்போது மயக்கம், வாந்தி வந்தாலோ, களைக்கொல்லி தவறுதலாக வாய்க்குள் போனாலோ, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.