யந்திரம் எழுதும் நற்சான்று

சென்ற தவணை முடிவில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சிறு வாதம் நிகழ்ந்தது. மாணவர் தேர்ச்சி அறிக்கையின் அடியில் வகுப்பாசிரியர் தம் கருத்தை எழுதுதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையை இனிமேல் கணனியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொன்னார். புள்ளிகளைக் கொடுத்தால் போதும். நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது விதமான கருத்து ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். படித்துப் பார்த்தேன். ஒற்றுப் பிழை இல்லை. வாக்கியம் எதுவும் தடுமாறவில்லை. உண்மையைச் சொல்வதானால், நம்மிற் பலர் எழுதும் தமிழிலும் அது செம்மையாக இருந்தது.

“பண்டிதர் ஐயா என்ன சொல்லுறியள்?” என்று கேட்டார். “வேண்டாம், தம்பி” என்றேன். “ஏன்?” என்று கேட்டபோது என்னிடம் விடை இருக்கவில்லை. பழையவர்களுக்கு யந்திரம் என்றால் ஒவ்வாது என்று அறையிலிருந்தோர் முடிவு செய்துகொண்டனர் போலும். அம்முடிவு பிழை. தமிழ் கற்றோர் யந்திரத்தைக் கண்டு அஞ்சிய கூட்டத்தினர் அல்லர். சென்னைக்குச் சென்று அச்சு யந்திரம் வாங்கி வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வண்ணார்பண்ணையில் நிறுவியவர் ஆறுமுக நாவலர். ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கு இரையாகாமற் காத்தது அச்சன்றோ? ஆதலால் என் மறுப்புக்குக் காரணம் யந்திர வெறுப்பு அன்று. பின் எதுவென்று எனக்கே தெளிவாகாத நிலையில் விடுமுறை வந்தது.

என்னிடம் முன்னர்ப் பயின்று, பின்பு கணனித் துறையில் நெடுங்காலம் தொழில் பார்த்துவரும் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். அவரிடம் இவ்விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஐயா, இந்தச் சண்டை ஐம்பது வருஷத்துக்கு முந்தியே நடந்து முடிஞ்சுது” என்று கூறி, 1976 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கில நூலைத் தந்துசென்றார். கணனியின் வலிமையையும் மனிதனின் பகுத்தறிவையும் ஒருங்கு வைத்து ஆராயும் நூல் அது. அகராதியும் கையுமாக மூன்று வாரம் இருந்து படித்தேன். விளங்காத இடங்கள் பல. விளங்கிய இடங்கள் என்னை உறங்கவிடவில்லை.

ஆசிரியர் யோசேப் வைசன்பாம். 1923 இல் பேர்லின் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1936 இல் அமெரிக்கா சென்று, கணிதம் பயின்று, கணனி என்பது ஓர் அறை நிறைய நின்ற காலத்திலேயே அதனோடு பழகியவர். 1950 களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றியபோது, பாங்க் ஒவ் அமெரிக்கா என்னும் வங்கிக்காக அமைந்த கணனி முறையை உருவாக்கியோருள் ஒருவர். காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிட்ட விநோத வடிவுள்ள எண்களை யந்திரம் படித்துக் கணக்கில் ஏற்றும் முறை அது. பின்னர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பேராசிரியரானார். வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர். வீட்டைக் கட்டிய கொத்தனாரே அதன் விரிசலைக் காட்டுகின்றார். அவர் சொல்லுக்கு நான் செவிசாய்த்ததற்கு முதற் காரணம் அதுவே.

1966 இல் அவர் ‘எலைசா’ என்னும் ஒரு செய்நிரலைப் பற்றி எழுதினார். பேர்ணாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூ விற்கும் பெண்ணொருத்திக்கு உயர்குடிப் பேச்சைப் பழக்குவர் அல்லவா? அவள் பெயரே இதற்கும். தட்டச்சுப் பலகையில் நாம் ஒன்றை எழுதினால் எலைசா மறுமொழி எழுதும். அதற்கு அவர் அளித்த வேடங்களுட் புகழ்பெற்றது உளநோய் மருத்துவர் வேடம். நோயாளி சொன்னதையே திருப்பிச் சொல்லி மேலும் பேசவைக்கும் ஒருவகை மருத்துவர் உளர். அவரைப் போல நடிப்பது அதன் வேலை.

அதன் சூட்சுமம் மிக எளியது. எழுதிய வாக்கியத்தில் ‘தாய்’, ‘கனவு’ போன்ற குறிப்புச் சொல் ஏதும் உண்டோ என்று தேடும். இருப்பின், தன்மைச் சொல்லை முன்னிலைச் சொல்லாக மாற்றி, முன்னரே வகுத்த அச்சில் வார்த்துக் கேள்வியாக்கும். ஒன்றும் அகப்படாவிடின், ‘மேலே சொல்லுங்கள்’ என்பதுபோல ஏதேனும் சொல்லிவைக்கும். ‘என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை’ என்று ஒருவன் எழுதினால், ‘உம் அண்ணன் உம்மோடு பேசுவதில்லை என்கிறீர், உம் குடும்பத்தைப் பற்றி இன்னும் கூறும்’ என்று அது விடை தரும். அண்ணன் என்றால் யார், பேசாதிருத்தல் எத்தகைய துன்பம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

இலக்கணம் படிப்பிப்பவன் ஆதலால் இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் போகமுடியவில்லை. ஆங்கிலத்திற் பெயரை மாற்றினாற் பெரும்பாலும் வேலை முடிந்தது. தமிழிலோ வினைமுற்றின் விகுதியும் உடன் திரியவேண்டும். ‘வருந்துகிறேன்’ என்பது ‘வருந்துகிறாய்’ ஆகலாம்; ‘வருந்துகிறீர்’ ஆகலாம்; ‘வருந்துகிறீர்கள்’ ஆகலாம். எதனைச் சொல்வது? எதிரே இருப்பவர் மூத்தவரா, ஒத்த வயதினரா, பிள்ளையா என்று அறியாமல் நம் மொழியில் முன்னிலைச் சொல் ஒன்றுதானும் வாயெடுக்க இயலாது. எலைசா தமிழ் கற்றிருந்தால் முதல் வாக்கியத்திலேயே திகைத்திருக்கும். 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் அதன் பின் வந்தனவும் விகுதி பிழையாமற் பேசுகின்றன. ஆனால் அவற்றுக்கும் பெரும்பாலும் எல்லாரும் ‘நீங்கள்’ தான். எட்டாம் வகுப்புப் பையனையும் ‘நீங்கள்’ என்றே அழைப்பதை அவன் மரியாதையென்று எண்ணி மகிழ்கின்றான்.

எலைசாவைச் செய்தவரை அதிரவைத்தது எலைசா அன்று. அதனோடு பேசிய மனிதர். அவருடைய காரியதரிசி, அவர் பல மாதம் இருந்து அதனை ஆக்கியதைப் பக்கத்திலிருந்து கண்டவர். அது வெறும் செய்நிரல் என்பதை நன்கறிந்தவர். ஒருநாள் அதனோடு சில வரிகள் பேசிய பின், தம்மைத் தனியே விட்டு அறைக்கு வெளியே செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். மற்றொரு முறை, எல்லார் உரையாடல்களையும் பதிந்து பார்க்கலாமா என்று அவர் யோசனை கூறியபோது, பிறர் அந்தரங்கத்தை உளவு பார்ப்பதா என்று பலரும் சினந்தனர். யந்திரத்திடம் சொன்னதை மனிதன் கேட்கக்கூடாது என்றாயிற்று. இதனிலும் மேலாக, கென்னத் கோல்பி என்னும் மருத்துவரும் அவரோடு சேர்ந்தோரும், இத்தகைய முறையால் மணிக்குப் பல நூறு நோயாளரைக் கவனிக்கலாம் என்று அதே 1966 இல் எழுதினர். வைசன்பாம் திகைத்தார். இந்தக் கேலிக்கூத்தே தம் தொழிலுக்கு ஈடாகும் என்று ஒரு மருத்துவர் நம்பினால், நோயாளியின் முன்னே தாம் இதுவரை செய்துவந்தது என்னவென்று அவர் நினைத்திருந்தார் என்பதே வைசன்பாமின் கேள்வி.

இந்தக் கேள்வியைப் படித்த இடத்தில் நூலை மூடிவைத்தேன். அது மருத்துவரை மட்டும் கேட்ட கேள்வி அன்று.

முப்பது வருடமாக நான் தேர்ச்சி அறிக்கையில் எழுதிவந்தது என்ன? ‘திருப்தி’, ‘நன்று’, ‘முயற்சி போதாது’, ‘இன்னும் ஊக்கம் தேவை’. நான்கே வாய்பாடு. புள்ளியைப் பார்ப்பேன், கை தானாக எழுதும். ஒருமுறை ஒரு மாணவன், “எந்த முயற்சி போதாது, ஐயா?” என்று கேட்டான். குறும்பு என்று எண்ணி அதட்டி அனுப்பினேன். அவன் உண்மையாகவே கேட்டிருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகின்றது. இளம் ஆசிரியர் காட்டிய யந்திரம் என் இடத்தைப் பறிக்க வரவில்லை. நான் எழுந்து சென்று நெடுங்காலமாகிய வெற்றுக் கதிரையிலேதான் அமர வந்தது. அன்று அதற்கு மறுமொழி சொல்ல என்னால் முடியாமற் போனதில் வியப்பில்லை.

கந்தோர் உலகைப் பற்றியும் வைசன்பாம் இத்தகைய ஒன்றைச் சொல்கின்றார். வங்கிகளும் அரசாங்கப் பகுதிகளும் படைகளும் கையெழுத்துக் கணக்கால் ஆளமுடியாத அளவுக்குப் பெருத்தபோது கணனி தக்க தருணத்தில் வந்து உதவிற்று என்பர். எதற்குத் தக்க தருணம் என்று அவர் கேட்கின்றார். கணனி வந்திராவிடின் அவ்வமைப்புக்கள் பிளந்து சிறியனவாகி, வேறு வழியில் இயங்கக் கற்றிருக்கலாம். வந்தமையால், மாறவேண்டியவை மாறாமல் நிலைத்தன. புரட்சி என்று பெயர்பெற்ற யந்திரம் பழைமையைக் காத்தது என்பது அவர் கருத்து. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடைத்துவைத்து ஒவ்வொருவரையும் அறிந்து எழுது என்பது நடவாத காரியம் என்றால், நாற்பதைக் குறைப்பது ஒரு வழி. நாற்பதுக்கும் யந்திரத்தால் எழுதுவிப்பது இன்னொரு வழி. இரண்டாம் வழி மலிவானது. அது வந்தபின் முதலாவதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் பேசப்போவதில்லை.

அவரோடு எல்லாவற்றிலும் நான் உடன்படுகின்றேன் என்று கொள்ளற்க. இரவு பகலாகக் கணனி முன்னே அமர்ந்து ஊண் உறக்கம் மறந்த இளைஞரை அவர் சூதாடிகளுக்கு ஒப்பிட்டுக் கடிந்துரைப்பது மிகை. சுவடி முன்னே அவ்வாறு அமர்ந்தவர்களை நாம் புலவர் என்று போற்றுகின்றோம் அல்லவா? இன்னும் ஒன்று. பிள்ளைகள் யாவரும் கடல் கடந்துபோக, பெரிய வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டியர் எங்கள் ஒழுங்கையிலேயே மூவர் உளர். அவர்களுள் ஒருவர் மாலையிற் கைத்தொலைபேசியோடு பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு, “ஆரோடை அம்மா கதைக்கிறியள்?” என்று கேட்டேன். “இதோடைதான்” என்று அதனைத் தூக்கிக் காட்டினார். அது பொய்த் துணை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வழியால் நாள்தோறும் போய்வருபவன் நான். படலையில் நின்று ஒரு வார்த்தை கேட்டவன் அல்லன்.

ஆயினும் அவர் வகுத்த ஒரு வேறுபாடு மறுக்கவொண்ணாதது. கணித்து முடிப்பது வேறு. தெரிந்து தெளிவது வேறு. முன்னதை யந்திரம் செய்யும். மனிதனிலும் விரைந்து செய்யும். பின்னது, பட்டும் இழந்தும் வாழ்ந்த ஒருவன் மற்றொருவனைப் பற்றிப் பொறுப்பேற்றுச் சொல்வது. யந்திரத்தால் இயலாது என்று அவர் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. இயன்றாலும் சில வேலைகளை அதனிடம் கொடுத்தல் தகாது என்றார். இயலுமா என்பது பொறியியலார் கேள்வி. தகுமா என்பது நம் எல்லார் கேள்வி. வியட்நாம் போரை எதிர்த்தவர், படைத்துறைப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிகளைக் குறைகூறியவர், சகபாடிகளின் வெறுப்பையும் தேடிக்கொண்டவர் அவர். 1996 இல் பேர்லினுக்கே திரும்பி, 2008 இற் காலமானார். இன்றைய யந்திரங்களை அவர் காணவில்லை.

இந்தத் தவணை புள்ளிகளைக் கூட்டவும் வரிசைப்படுத்தவும் கணனியிடமே கொடுத்தேன். அதில் எனக்கு வழக்கில்லை. முன்னர் நான் கூட்டியதில் இருந்த பிழைகளை அது இரண்டிடத்திற் காட்டிற்று. கருத்துக் கட்டத்தை மட்டும் என் கையால் எழுதினேன். ‘திருப்தி’ என்ற சொல்லைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு தடை விதித்துக்கொண்டேன். மூன்று இரவு சென்றது. ஒருவன் உரைநடை எழுதும்போது நன்றாகத் தொடங்கி நடுவில் அஞ்சிவிடுகின்றான் என்று எழுதினேன். ஒருத்தி பிறர் பிழையைத் திருத்துவதில் வல்லவள், தன் பிழையைப் பாராள் என்று எழுதினேன். மறுபடி அதே இளம் ஆசிரியர் எட்டிப் பார்த்து, தாமும் பத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாறு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். மிகுதிக்கு யந்திரம்தான் என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

நாற்பதில் முப்பத்தொன்பது நிரம்பிவிட்டது. கடைசி வாங்கில், யன்னலோரம் இருப்பவன் ஒருவன். இரண்டு தவணையாக என் வகுப்பில் இருக்கின்றான். புள்ளி நாற்பத்தாறு. அவனைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை முதற் பாடத்துக்கு முன் அவனைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும்.