ஒதுக்குப்புறம் யாருக்கு?

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், தீர்த்தன் பள்ளத்தாக்கிலும் ஜீபியிலும் வாடகைக்கு விடப்படும் மரக்குடில்களின் விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. தேவதாரு மரங்கள், மரத்தளத்தில் ஒற்றை நாற்காலி, ஆவி பறக்கும் தேநீர். கூடவே ‘ஒதுக்குப்புறமான’ என்று பொருள் தரும் ஏதேனும் ஒரு பெயரடை. அறையின் வாடகையில் பெரும்பகுதி அந்தப் பெயரடைக்கே செலுத்தப்படுகிறது. கட்டில், கம்பளி, வெந்நீர் ஆகியவை மணாலியின் சந்தைத் தெருவிலும் கிடைக்கும், அதுவும் மலிவாக.

மொழியியல் நோக்கில் இது சற்று விந்தையான பெயரடை. உயரம், குளிர், ஈரம் முதலியவை இடத்தின் பண்புகள். ஒதுக்கமோ, எதிலிருந்து ஒதுங்கியது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் பொருள்படாது. ‘அங்கே’, ‘இங்கே’ என்னும் சுட்டுச்சொற்களைப் போல அதுவும் பேசுபவரின் இருப்பிடத்தையே மையமாகக் கொள்கிறது. தில்லியிலோ பெங்களூரிலோ இருந்து பார்ப்பவருக்கு ஒதுக்குப்புறமாகத் தோன்றும் அதே சரிவு, கீழேயுள்ள ஊராருக்கு ஆடு ஓட்டிச் செல்லும் வழி. விறகு பொறுக்கும் இடம். வேனில் தொடக்கத்தில் ‘குச்சீ’ என்னும் விலையுயர்ந்த காளானைத் தேடி அலையும் நிலம். குல்லு வட்டாரத்தில் உயர்மலைப் புல்வெளிக்குத் ‘தாச்’ என்று பெயர். அச்சொல்லில் முடியும் இடப்பெயர்கள் மலையெங்கும் உண்டு. பெயரிட்டவர்கள் அங்கே நின்றிருக்கிறார்கள், மந்தையோடு.

ஆளற்ற காடு என்பது அப்பள்ளத்தாக்கில் எழுத்தாலும் உருவாக்கப்பட்டது. பெரும் இமாலய தேசியப் பூங்கா 1999இல் இறுதியாக அறிவிக்கப்பட்டபோது அதன் எல்லைக்குள் ஊராருக்கு இருந்த மேய்ச்சல் உரிமையும் மூலிகை சேகரிக்கும் உரிமையும் முடிவுக்கு வந்தன. ஆங்கிலேயர் காலத்து வனப்பதிவேட்டில் உரிமை பதிவாகியிருந்த குடும்பங்களின் வழிவந்தோருக்கே இழப்பீடு கிடைத்தது. பதிவேட்டில் பெயரின்றிக் காட்டை நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு எதுவும் இல்லை. 2014இல் யுனெஸ்கோ அப்பூங்காவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இன்று பூங்காவின் வாயிலைச் சுற்றி விற்கப்படும் அமைதியில், அன்று மந்தைகள் வெளியேறிய அமைதியும் கலந்திருக்கிறது.

குடிலின் வடிவத்திலும் இதே மறதி. உருளைக் கட்டைகளைக் கிடையாக அடுக்கி மூலைகளில் பூட்டும் குடில் வட ஐரோப்பாவில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன், பின்லாந்துக் குடியேறிகளுடன் அமெரிக்கா சென்றது. மரம் மலிந்து ஆள் குறைந்த நாட்டுக்கு ஏற்ற கட்டுமானம் அது. குல்லுவின் மரபோ ‘காட்குணி’. காஷ்டமும் கோணமும் சேர்ந்த சொல், மரமூலை எனலாம். தேவதாரு உத்திரம் ஒரு வரிசை, கருங்கல் ஒரு வரிசை, இடையில் சாந்து கிடையாது. மரம் அரிய பொருள் என்பதை அறிந்தவர்களின் சிக்கனம் அச்சுவரில் தெரிகிறது. நிலம் அதிரும் என்பதை அறிந்தவர்களின் எச்சரிக்கையும் தெரிகிறது. 1905ஆம் ஆண்டுக் காங்கடா நிலநடுக்கத்துக்குப் பின்னும் பஞ்சாருக்கு அருகே சேஹ்ணிக் கோபுரம் நிற்கிறது. ஊரார் வீடு கட்டக் காட்டிலிருந்து மரம் பெறும் உரிமை இன்றும் அம்மாநிலத்தில் உண்டு. ஆனால் அது சொந்த வீட்டுக்கு மட்டும். வணிக விடுதிக்கு இல்லை. ஆகவே பல ‘மரக்குடில்’களில் இரும்புச் சட்டத்தின்மேல் பலகை ஒட்டப்பட்டிருக்கிறது. காட்டின் நடுவே அமெரிக்கக் காட்டின் படம்.

எது காடு என்பதே நாட்டில் வழக்காகியிருக்கும்போது இந்தச் சொல்லாய்வு வீண் நுணுக்கமாகாது. நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டப்பட்டதை எதிர்த்து எழுந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே கொள்ளப்பட வேண்டும் என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவேட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் உடைமையாயினும், காடு காடே. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பரப்பைப் பெரிதும் பதிவேடுகளுக்குள் சுருக்கியது. அரசின் மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெறும் சூழல்சுற்றுலா வசதிகளைக் ‘காடு சாராப் பயன்பாடு’ என்ற வகையிலிருந்தும் விலக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களின் கணக்கெடுப்பு முடியும்வரை அகராதிப் பொருளே தொடரட்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆடு மேய்ப்பது காட்டுக்குத் தீங்கு, விருந்தினர் உறங்குவது காட்டுக்கு இயல்பு என்று வகைப்படுத்தும் சட்டமொழி, விளம்பரத்தின் பெயரடையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

சுற்றுலாவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்வது எளிது; தவறும்கூட. பஞ்சாரின் இளைஞர் பலர் ஊரிலேயே தங்கியிருப்பதற்கு இவ்வருவாய் ஒரு காரணம். மேய்ச்சலும் மூலிகையும் போன பிறகு வேறு என்ன செய்வார்கள் என்று கேட்காமல் விடுதிகளைப் பழிப்பது நகரத்தாரின் இன்னொரு சொகுசு. வேறுபாடு எங்கே என்றால், எந்த விடுதி எதை விற்கிறது என்பதில். வேளாண்குடி அல்லாதோர் நிலம் வாங்குவதை இமாசலத்தின் 1972ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின் 118ஆம் பிரிவு பெரிதும் தடுக்கிறது. எனவே உள்ளூர்க்காரரின் கட்டடத்தை ஆண்டு வாடகைக்கு எடுத்து வெளியூரார் நடத்துவதும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய இடங்களில் நில உரிமையாளர் விருந்தினர் கண்ணில் படுவதே இல்லை. ஊற்றுநீர் எந்த ஊரின் பங்கிலிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே இறங்குகிறது என்ற கேள்விகளும் எழுவதில்லை. கீழே ஊர் இல்லை என்று நம்புபவர் கழிவுநீரைப் பற்றி ஏன் கேட்கப்போகிறார்?

2008இல் அம்மாநில அரசு தொடங்கிய இல்லத்தங்கல் திட்டம் வேறொரு பேரம். குடும்பம் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விடலாம். அங்கே தங்குபவருக்கு ஏகாந்தம் கிடைக்காது. விடியுமுன் பசு கத்தும். அடுப்புப் புகை அறைக்குள் வரும். எத்தனை பிள்ளைகள், ஏன் இன்னும் மணமாகவில்லை என்று வீட்டுப் பாட்டி சிராஜியில் கேட்பார்; மருமகள் அதில் பாதியை மட்டும் இந்தியில் பெயர்த்துச் சொல்வார்.