வேப்பங்கொட்டையை இடித்தது யார்?

சாயல்குடிப் பக்கம் முண்டு மிளகாய் போடுகிற எங்களில் யாரைக் கேட்டாலும் உழவுக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று கடகடவெனச் சொல்வோம். வீட்டுப் பெண்கள் களை வெட்டியதும் பழம் எடுத்ததும் அந்தக் கணக்கில் வராது. வீட்டாளுக்கு ஏது கூலி? 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மார்தட்டிக்கொண்டது ஆண்களாகிய நாங்கள்தான்.

மிளகாயில் இலைப்பேன் விழுந்தால் இலை மேல்பக்கமாகச் சுருளும். சிலந்திப்பேன் என்றால் கீழ்ப்பக்கமாகச் சுருண்டு காம்பு நீளும். இரண்டுக்கும் மருந்து வேறு. குனிந்து களை எடுக்கிறவர்கள் கண்ணில்தான் இது முதலில் படும். வரப்பில் நிற்கிற எங்களுக்குக் காடே சுருண்ட பிறகுதான் தெரியும். “அந்த மூலையில நாலு செடி ஒரு மாதிரி சுருண்டுக்கிட்டு வருது” என்று அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பிறகு கடைக்காரர் கொடுத்த டப்பாவோடு வந்தோம். டப்பாவில் இருக்கும் முக்கோணம் சிவப்பா பச்சையா என்றுகூடப் பார்க்கவில்லை. சிவப்பு என்றால் கடும் நஞ்சு. தண்ணீர் சுமந்து கொடுத்ததும், மருந்தில் நனைந்த சட்டையை வெறுங்கையால் துவைத்ததும், மறுநாளே அந்தக் காட்டில் இறங்கியதும் பெண்கள். தலை சுற்றுகிறது என்றால் வெயில் என்றோம்.

மருந்தே பூச்சியைப் பெருக்குவதும் உண்டு. நெல்லில் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றுவிட, புகையான் பெருகியது என்று கண்டு இந்தோனேசியா 1986-இல் 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989 முதல் அங்கே வயல்வெளிப் பள்ளி நடந்தது. உழவர்கள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கித் தீமை செய்யும் பூச்சியையும் நன்மை செய்யும் பூச்சியையும் எண்ணி, பிறகுதான் முடிவெடுப்பார்கள். அந்தப் பள்ளி நம் ஊர்களுக்கும் வந்தது. பட்டா எங்கள் பேரில் இருந்ததால் நாங்கள் போனோம். டீ குடித்தோம், கையெழுத்துப் போட்டோம். செடியைத் தினமும் பார்க்கிறவர்களைக் கூட்டிப்போகத் தோன்றவில்லை.

அடுத்து வந்தது இயற்கை முறை, டப்பா மருந்துக்குப் பதில் வேப்பங்கொட்டைக் கரைசல். நல்லதுதான், வத்தல் வாங்க வருகிறவரும் மருந்து எச்சம் பற்றிக் கேட்கிறார். ஆனால் வேலையைப் பாருங்கள். வேப்பம்பழம் உதிரும் காலத்தில் பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். பருப்பு 5 கிலோவை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து, சோப்புக் கரைசல் சேர்த்து, 100 லிட்டராக்கினால் அதுதான் ஐந்து சதக் கரைசல். ஏக்கருக்கு இதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். சாயங்காலம் அடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். இதைத்தான் நாங்கள் “செலவே இல்லை” என்று மேடையில் பேசினோம். டப்பா மருந்துக்குப் போனது எங்கள் சட்டைப்பைக் காசு, அதனால் உறுத்தியது. வேப்பங்கொட்டைக்குப் போனது அவர்கள் தூக்கம்.

மகள் கல்லூரிக்குப் போனாள், மனைவிக்கு முழங்கால் வலி வந்தது, இடிக்க ஆளில்லை. நாங்கள் இடித்திருக்கலாம். டப்பாவுக்கே திரும்பினோம், இயற்கை முறை நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று காரணமும் சொன்னோம். எந்திரத்தில் அரைக்கலாம் என்றால், மிளகாய் அரைக்கிற மில்லில் வேப்பங்கொட்டையைப் போட விடமாட்டார்கள், அடுத்த வீட்டுத் தூள் கசந்துவிடும். ஊர்ப்பொதுவில் தனி எந்திரம் ஒன்று போட்டால் பாதி வேலை குறையும். விவசாயிகள் கூட்டத்தில் ட்ரோன் வாடகை பற்றி அவ்வளவு நேரம் பேசிய எங்களில் ஒருவர்கூட இந்தப் பேச்சை எடுக்கவில்லை.